பாதி வாடகை

“வாடகை எவ்வளவுன்னு அந்தப் பொண்ணு கேட்டா, பாதியைச் சொல்லுங்க” என்றார் வீட்டுக்காரர்.

வீட்டுத் தரகில் பழம் தின்று கொட்டை போட்ட சாவியக்காவுக்கே இது புதிதாக இருந்தது. இடுப்பில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி தொங்குவதால் வந்த பெயர் அது. கூட்டிச் சொல்லச் சொல்லும் வீட்டுக்காரர்களைத்தான் அவள் இதுவரை பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்காரப் பெரியவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையை விற்ற கையோடு, வாடகைக்கு விட என்று சொல்லி, அவள் மூலமாகவே இந்தச் சின்ன மாடி வீட்டை வாங்கினார். கறாரென்றால் அப்படியொரு கறார். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து திறந்து மூடினார், அவளுக்குத் தர வேண்டிய தரகில்கூடக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். அப்பேர்ப்பட்ட மனிதர், சாவி கைக்கு வந்ததும் ஆளே மாறிப்போனார். வாசல் கதவுக்கு உள்பக்கம் இன்னொரு தாழ்ப்பாளைத் தானே உட்கார்ந்து பொருத்தினார். குளியலறைக்கு ஹீட்டர் வந்தது. படிக்கட்டு இருட்டாக இருக்கிறதென்று அங்கே ஒரு விளக்கு. வாடகை வீட்டுக்கு யார் இவ்வளவு செய்வார்கள்?

அதோடு விட்டாரா? ஒரு பெண்ணின் நம்பரைக் கொடுத்து, அவளுக்கு மட்டும் வீட்டைக் காட்டுங்கள், வேறு யார் கேட்டாலும் காலியில்லை என்று சொல்லிவிடுங்கள் என்றார். தன் பெயரை மூச்சு விடக் கூடாதாம். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டுமாம். ஒப்பந்தமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம்.

சாவியக்காவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். முப்பதைத் தொட்டிருப்பாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. கட்டியவனோடு ஒத்துவராமல் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஹாஸ்டலில் இருப்பதை அவளே சொன்னாள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர முடியாதென்று போகிற இடத்திலெல்லாம் கதவைச் சாத்தியதையும் சொன்னாள். அறை அறையாகச் சுற்றி வந்தாள். அந்த இரண்டாவது தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்துப் பார்த்தபோதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“இங்க நிம்மதியாத் தூங்கலாம்க்கா.”

சாவியக்கா தற்செயலாகச் சமையலறை ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். தெருமுனையில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி வீட்டுக்காரர் நின்றிருந்தார். கண் இந்த மாடியை விட்டு அகலவில்லை. பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இந்த வீடு உனக்கு வேண்டாம்மா” என்றாள்.

பிறகு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். ஓனர் வெளிநாட்டில் இல்லை. தனியாக இருக்கும் பெண், பாதி வாடகை, பெயரை மறைப்பது, எதுவும் நல்லதாகப் படவில்லை. எனக்கும் வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள். தரகு போனால் போகட்டும், உனக்கு வேறு வீடு நானே பார்த்துத் தருகிறேன், காசே வேண்டாம் என்றாள்.

“அதோ, தெருமுனையில நின்னுக்கிட்டு நோட்டம் பார்க்கிறார் பாரு.”

அந்தப் பெண் ஜன்னலருகே வந்தாள். கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி நின்றது. கீழே பெரியவர் சட்டென்று குனிந்து, வண்டிச் சக்கரத்தில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார். அந்தப் பெண்ணின் கண் நிறைந்து, கன்னத்தில் நீர் இறங்கியது.

பிள்ளை பயந்துவிட்டாள் என்று சாவியக்கா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். நீ இங்கேயே இரு, அந்த ஆளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கப் போனாள்.

“திட்டாதீங்கக்கா” என்றாள் அவள். “நான் இஷ்டப்பட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னைக்கு, இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னவர் அவர். இந்த வாசப்படி இப்ப என்னுதுதானே? எங்கப்பாவை மேல வரச் சொல்லுங்க.”