மூட்டு அசையும் பொம்மை

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால், ஆக்‌ஷன் பொம்மை செய்வதுதான் அருண்பாண்டியனுக்குப் பொழுதுபோக்கு. மாரியப்பன் கொடுத்த போட்டோவைப் பார்த்து, கைகால் மூட்டெல்லாம் அசையும்படி அவருடைய மகனை அப்படியே செய்து வைத்திருந்தான்.

பழவேற்காட்டிலிருந்து வந்த மாரியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி அச்சு அசலா அவன்தான் தம்பி. ஆனா இது கட்டை இல்லியா?"

"பிளாஸ்டிக்கு நைனா. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

"கட்டையில செஞ்சு குடுப்பா. கைகால் அசைய வாணாம். படுத்தாப்ல இருந்தா போதும்."

அருண்பாண்டியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் மெனக்கெட்டதே அந்த மூட்டுகளுக்காகத்தான். அசையாமல் படுத்துக் கிடக்கிற பொம்மையை அலமாரியில் வைத்து யார் பார்ப்பார்கள்?

"உங்க பையனோட பர்த்டேக்குன்னு நெனச்சேன் நைனா. அவருக்கு இதான் புடிக்கும்."

மாரியப்பன் பொம்மையின் மடங்கிய கைகளை மெல்ல நீட்டி, உடம்போடு சேர்த்து வைத்தார்.

"கடலுக்குப் போனவன் கெடைக்கவே இல்லப்பா. தர்ப்பையில உருவம் கட்டி எரிச்சுடலாம்னு ஐயரு சொல்றாரு. புல்லுல எம்புள்ள மூஞ்சி தெரியுமான்னு அவங்கம்மா கேக்குறா. கொள்ளி வெக்கிற வரிக்குமாவது அவ பாத்துக்கினு இருக்கட்டும்."