மகாராணிக்குக் காய்ச்சல்

"டாக்டர், மகாராணிக்குச் சூடு கிடுகிடுன்னு ஏறிடுச்சு! ஏறாமப் போயிடுமோன்னு மூணு நாளாத் தூக்கமே இல்லை!"

போனில் கத்திய அக்கா துள்ளிக் குதித்தாள். அப்போதுதான் வந்திறங்கிய தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போர்வையை எடுக்கவே மாட்டேன் டாக்டர். இன்னும் கனமாப் போர்த்திடுறேன்."

"பால் மாட்டுக்குக் காய்ச்சல்னா இப்படியா குதிப்பே? உனக்கென்ன கிறுக்கா? முதல்ல ஊசி போடச் சொல்லு!"

அக்கா அவள் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். அங்கே மாடு இல்லை. ஆளுயர மரத்தூள் குவியலில் நீளமான தெர்மாமீட்டர் ஒன்று செருகியிருந்தது.

"மகாராணி செத்து ஒரு வாரமாச்சுடி. உள்ளேதான் படுத்திருக்கா. மரத்தூள் போர்வைக்குள்ள உடம்பு மக்குறப்போ வர்ற இந்தச் சூட்டுல கிருமியெல்லாம் காலி. குழி வெட்டுற செலவுமில்லை, கிணத்துத் தண்ணிக்கும் பயமில்லை. எட்டின மரத்தையெல்லாம் மொட்டையடிச்சாளே, இனி அதுங்களுக்கே உரமாகப் போறா!"