கெளுத்திக்குப் பயந்த யானைமீன்

டிக். டிக். டிக். கலங்கல் தண்ணீரில் முதலில் அந்தச் சத்தம்தான் கேட்டது. பிறகுதான் அக்காவுக்குத் தம்பி தென்பட்டான். இருவரும் சின்ன யானைமீன்கள். வாலிலிருந்து டிக் டிக்கென்று மெல்லிய மின்சாரம் விட்டு, அதைக்கொண்டே சுற்றிலும் பார்த்து வழி தடவிப் போகிறவர்கள்.

வெள்ளம் வடிந்து குளம் சுருங்கிக்கொண்டிருந்தது. ஆற்றுக்குப் போக ஒரே வாய்க்கால். அதுவும் சீக்கிரம் வற்றிவிடும். அப்புறம் குளத்தோடு காய வேண்டியதுதான்.

"வாடா, போயிடலாம்."

"இரு அக்கா. வாய்க்கால்ல கெளுத்தி நிக்குதான்னு ஒரு தடவை பார்த்துடறேன்." டிக்.

"இப்பத்தானே பார்த்தே?"

"அது அப்போ. இதுக்குள்ள வந்திருந்தா?" டிக்.

"நீ பார்க்கிறது அதுக்கும் கேட்கும்டா. வாலைக் கொஞ்சம் சும்மா வை. கரையை உரசிக்கிட்டே போயிடலாம்."

"பார்க்காம எப்படிக்கா போறது?"

அக்கா வாலை அடக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டே வாய்க்காலைக் கடந்தாள். ஆற்றிலிருந்து கத்தினாள்: "ஒண்ணுமே இல்லடா, வா!"

தம்பி விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்துச் சேற்றில் தூங்கிய கிழக் கெளுத்திக்கு மீசை கூசியது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வந்து, வாய்க்காலின் வாயை அடைத்துப் படுத்துக்கொண்டது.

"பார்த்தியா அக்கா, நான் சொன்னேன்ல!" என்றான் தம்பி. குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

கெளுத்தி நகர்ந்தபோது வாய்க்காலில் தண்ணீர் இல்லை. தம்பி நீண்ட தாடையைச் சேற்றுக்குள் நுழைத்து, மறுபடியும் புழு தேடத் தொடங்கினான்.