இருளாயியின் தொண்டை

கூரைக்குக் காங்கிரீட் போடும் இடத்துக்கே தூசி நோய் பார்க்கும் வேன் வந்திருந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராக, குரலை வைத்தே நெஞ்சைச் சோதிக்கும் கருவியின் முன் நின்று "ஆ" என்றார்கள். சித்தாள் இருளாயி சொன்னதும் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாடுவீங்களாக்கா? லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இப்படித் தொண்டை அமையும்."

"இவளா? சட்டிய வாங்குடின்னு இவ கத்துனா காக்கா பறந்துரும்" என்றாள் கூட வேலை செய்யும் வெள்ளத்தாய். எல்லோரும் சிரித்தார்கள்.

நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்தினாள். "சின்ன வயசுலயே கத்துக்கிட்டிருந்தா உங்க குரல் இப்படி ஆகியிருக்கும். கேளுங்க."

கருவி பாடியது. சிரிப்பு அடங்கிப் போனது.

இருளாயி மெல்ல வாயைத் திறந்து அதனுடன் சேர்ந்துகொள்ளப் பார்த்தாள். சிமெண்டு தின்ற தொண்டையிலிருந்து வெறும் கரகரப்புதான் வந்தது.

"இனிமே கத்துக்கிட்டா வருமா தாயி?"

"கொஞ்சம் வரும்க்கா. இந்த அளவுக்கு வராது."

"அந்த வயசுல நான் செங்கச் சூளையில பச்சக்கல்லு திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தேன்."

மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார். "ஏ இருளாயி, கலவை இறுகுது! அங்க என்ன கச்சேரி?"

நர்ஸ் கருவியை நிறுத்தப் போனாள். இருளாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாத தாயி. அவ பாடட்டும். நான் போயிச் சட்டி தூக்குறேன்."