கடைசித் தாள்

“கிழிச்ச ஆளுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா? கொலைகாரன் யாருன்னு தெரியிற எடத்துலயா கை வைக்கிறது?”

அர்ச்சுனன் போட்ட சத்தத்தில் சிம்பாங் பூலாய் கோப்பிக்கடையே திரும்பிப் பார்த்தது. ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வேலையிழந்து வெளியே வந்து, பழைய பேப்பர் மூட்டை சுமந்து, இன்று நாவல்களை வாடகைக்கு விடும் மனிதர்.

“கதையில வர்ற லாரிக்காரப் பையன்தாண்ணே தவுக்கே மொதலாளிய குத்திருப்பான்,” என்றார் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்த ஜெயபாலன்.

“ஒன்னயக் கேட்டனா? போலா!”

அவர் போனதும், பிஸ்கட் பேக்டரியில் வேலை பார்க்கும் நல்லம்மாள் மெல்ல வந்து நின்றாள்.

“நான்தாண்ணே கிழிச்சேன்.”

“நீயா? நம்பித்தானே டெப்பாசிட்டுகூட இல்லாமக் குடுத்தேன்! புதுசு வாங்கி வை. பேரமே கெடையாது!”

“வாங்கித் தாரேன். கத்தாதீங்கண்ணே. பக்கத்து வீட்டு இருளாயி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. தெனமும் நான்தான் படிச்சுக் காட்டுவேன். அவங்க மகன் கொலை கேஸ்ல பத்துகாஜா ஜெயில்ல இருக்கான்லா. கதையில அந்தப் பையன் மாட்டுனதுலேர்ந்து, ‘விட்டுட்டாங்களா, விட்டுட்டாங்களா’ன்னு அதே பேச்சு.”

கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

அர்ச்சுனன் எழுத்துக்கூட்டிப் படித்தார். பையனைத் தூக்கில் போட்ட பிறகுதான் உண்மையான கொலைகாரன் அகப்படுகிறான்.

“விட்டுட்டாங்கன்னு நானா மாத்திப் படிச்சேண்ணே. அன்னைக்குத்தான் அக்கா வயிறாறச் சாப்பிட்டாங்க. வேற யாரும் படிச்சுக் காட்டிடக் கூடாதேன்னுதான்...”

“தீர்ப்பு எப்போ?”

“அடுத்த மாசம்.”

அர்ச்சுனன் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். குரல் மட்டும் இறங்கவில்லை.

“காலையில அந்த இருளாயியம்மா வந்து இதே புத்தகத்தக் கேட்டுட்டுப் போனாங்க, தெரியுமா? சித்தியவான் ஊருக்குக் கொண்டு போயி, தங்கச்சி மகள மறுபடி படிக்கச் சொல்லிக் கேக்கணுமாம். பாதியில நின்னா என்னான்னு நெனப்பாங்க? கிழிச்ச நீதான் சரி பண்ணணும். இந்தா பேனா. உக்காரு! அந்தப் பையன் வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் ஒழுங்கா எழுதி ஒட்டிட்டுப் போ!”