பல்லைக் கடித்துக்கொண்டு

ஜன்னலோரம், கன்னம் வீங்கிய டீச்சர். அவருக்கு அடுத்து, கடைவாய்ப்பல் பிடுங்க வந்த ரைஸ்மில்காரர். எதிர் பெஞ்சில் ஓர் அம்மாவும், வாயைப் பொத்திக்கொண்ட மகளும். கதவை ஒட்டிய நாற்காலியில் அவன்.

அவனுக்குப் பல்லில் ஒன்றும் இல்லை. துணைக்கு வந்தவன்.

கதவுக்கு அந்தப் பக்கம், பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில், ஞானாபரணம் அண்ணாச்சி. சர்ச் பேண்டில் முதல் கிளாரினெட். வாயில் புதுப் பல்செட்.

போன ஒத்திகையில் அண்ணாச்சி உச்சத்துக்குப் போனார். ஸ்வரம் வரவில்லை. பல் வந்தது.

டிரம்காரர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

ஊதிக் காட்டினால்தான் எங்கே இடிக்கிறதென்று தெரியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அதனால் கிளாரினெட்டும் உள்ளே போயிருந்தது.

அவன் இரண்டாம் கிளாரினெட். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இரண்டாம் கிளாரினெட். அண்ணாச்சி மேலே பறப்பார். அவன் கீழே ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பல்லைக் கடித்துக்கொண்டு.

அதில் தாடைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் ‘டக்’ என்னும். கொட்டாவிக்கும் டக். ஸ்தோத்திரம் சொன்னாலும் டக்.

சட்டைப்பையில் ஒரு கவர். ஸ்டாம்பு ஒட்டியாயிற்று. கவரின் வாய் மட்டும் திறந்திருந்தது.

உள்ளே பேண்டு செக்ரட்டரிக்கு ஒரு கடிதம். பொருள்: முதல் கிளாரினெட் இடம் காலியாக உள்ளது. அதன்கீழ், ஞானாபரணம் அவர்களின் தாடை இனி ஒத்துழையாது என்பதும், அசனப் பண்டிகைப் பவனிக்கு முன் அவ்விடத்தை அடியேனுக்குத் தந்தருள வேண்டும் என்பதும், கோடு போட்டதுபோல் நேரான கையெழுத்தில்.

டாக்டரம்மா கைவிரித்ததும் ஒட்டிவிடலாம்.

கீச்.

டீச்சர் நிமிர்ந்தார்.

அவனுக்குத் தெரியும், அது கிளாரினெட்டின் நாக்கு, ரீடு. செட்டு நழுவிவிடுமோ என்ற பயத்தில் அண்ணாச்சி மௌத்பீஸை நுனியில் கடிக்கிறார். தெரியாதவர்களுக்கு, அது ஒரு மனுஷன் கதறுவது.

மறுபடி கீச். இந்த முறை நீளமாக.

டீச்சர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வீக்கம் வற்றிவிட்டது போலிருந்தது அவருக்கு. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவன் கவரை வெளியே எடுத்தான்.

மூன்றாவது, கீச்சுக்கும் ஊளைக்கும் நடுவில்.

“ஏ, ஊசி போடாமலா புடுங்குதாங்க?” என்றார் ரைஸ்மில்காரர். பதிலுக்கு நிற்கவில்லை. மகள் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் அம்மாவின் செருப்பு ஒன்று தங்கிவிட்டது.

அவன் கவரின் வாயை நாக்கருகே கொண்டுபோனான்.

டக்.

அப்போது உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல். “நுனியில வச்சுக் கடிக்காதீங்க சார், செட்டு தூக்குது. இன்னும் கொஞ்சம் உள்ள வைங்க. தாடையைத் தொங்க விடுங்க.”

அமைதி.

பிறகு அந்த ஸ்வரம்.

உச்சியில், இஸ்திரி போட்ட வேட்டியை உதறி விரித்ததுபோல. ஒரு சுருக்கமில்லை.

கேட்க அவன் ஒருவன்தான் மிச்சம்.

கதவு திறந்தது. டாக்டரம்மா காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். “எங்க எல்லாரும்?”

“சரியாயிருச்சுன்னு போயிட்டாங்க, டாக்டர்.”

அந்த இரண்டு நொடியில் அவன் வாயைப் பார்த்துவிட்டாள். டார்ச்சை அடித்தாள். “உங்க பல்லுதான் மோசம். இப்படித் தேஞ்சிருக்கு! தூக்கத்துல நறநறன்னு கடிப்பீங்களா?”

“தூக்கத்துல இல்லம்மா, பேண்டுல,” என்றார் பின்னால் வந்த அண்ணாச்சி, புதுப் பல் அத்தனையும் தெரிய. “பக்கத்துல இவன் கடிக்க சத்தத்துலதான் நான் தாளமே பிடிக்கேன். இவன் எந்திரிச்சுப் போனான்னா நான் தாளத்தை விட்டுட்டு ஊருக்கு முன்னால ஓடிருவேன்.”

அவன் கவரைப் பைக்குள் திணித்தான்.

தெருமுனையில் தபால் பெட்டி. அண்ணாச்சி அந்த ஸ்வரத்தை முணுமுணுத்தபடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். கிளாரினெட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் பேனாவைத் திறந்தான்.

‘காலியாக உள்ளது’ என்பதில் ‘உள்ளது’வை அடித்து, ‘இல்லை’ என்று எழுதினான். அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் அடித்தான். ஸ்கேல் இல்லாததால் கோடு கொஞ்சம் வளைந்தது.

அனுப்பாமலே இருக்கலாம்.

ஸ்டாம்பு ஒட்டியாயிற்றே.

ஒட்டுவதற்கு வாயைத் திறந்தான். தாடையைத் தொங்க விட்டான்.

சத்தமில்லை.

பெட்டிக்குள் விழுந்த கவர்தான் ‘டக்’ என்றது.