சிவப்புக் கல்லின் பூர்வீகம்

மகாலிங்கத்தின் பூஜைத் தட்டில் ஐந்து கற்கள் இருந்தன. ஐந்தும் ஐந்து தெய்வங்கள். ஒருநாள் அவர் மனைவி தர்மாம்பாள் அலம்பும்போது, பிள்ளையாரான சிவப்புக் கல் நழுவிச் சாக்கடைக்குள் போய்விட்டது. அவள் பக்கத்து மனையில் குவித்திருந்த மணலிலிருந்து அதே மாதிரி ஒன்றைப் பொறுக்கி வந்து, அவருக்குத் தெரியாமல் தட்டில் வைத்துவிட்டாள்.

பெருமாளான சாளக்கிராமம் விசாரணையைத் தொடங்கியது.

"உனக்கு எந்த நதி?"

"தெரியாதுங்க. லாரியில வந்தேன்."

"நான் கண்டகி. சிவனாக இருக்கும் இவர் நர்மதை. பிள்ளையார் சோணை நதியிலிருந்துதான் வரவேண்டும். அதுதான் சாஸ்திரம்."

"அப்ப என்னைத் திரும்ப மணல்ல போட்டுடுவாங்களா? நாளைக்கு அங்க கான்கிரீட் போடறாங்க, சாமி."

"நிஜப் பிள்ளையார் கிடைத்தால் நீ போகத்தான் வேண்டும்."

மறுநாள் காலை சாக்கடையை வாரியபோது பழைய கல் கிடைத்தது. தர்மாம்பாள் பதற்றத்தில் இரண்டையும் ஒரே சொம்பில் போட்டு அலம்பினாள். வெளியே எடுத்தபோது எது எதென்று அவளுக்கே தெரியவில்லை.

"கவலை வேண்டாம், நான் கண்டுபிடிக்கிறேன்" என்றது சாளக்கிராமம். "உங்களில் ஒருவர் லாரி. மற்றவருக்கு எந்த நதி?"

"சோணை" என்றன இரண்டும், ஒரே குரலில்.

"பாடம் நடத்தினது நீர்தானே, ஓய்" என்றது நர்மதை லிங்கம்.

மகாலிங்கத்தின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. தர்மாம்பாள் இரண்டு கற்களையும் தட்டில் வைத்து, அன்றைக்கு அருகம்புல்லைக் கொஞ்சம் தாராளமாகவே சாத்தினாள்.